வீட்டுப் பங்கை விற்றுத்தான் கணினிப் படிப்பா?

தேவகோட்டையிலிருந்து சென்ற வாரம் ஒரு தந்தையும் மகளும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர் நெல் அவிக்கும் ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறார்; மகள் அரசுப் பள்ளியிலேயே படித்துப் பிளஸ் டூ முடித்தவள். கணினி அறிவியலைத் தவிர மற்றதெல்லாம் படிப்பே அல்ல என்று சொல்லும் பெங்களூர்ச் சித்தப்பா, தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் ஒன்றைப் பேசிவைத்துவிட்டு, பூர்விக வீட்டில் இவர்களுக்குள்ள பங்கைப் பங்காளிகளுக்கே விற்றுப் பணம் கட்டிவிடலாம் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். "தப்பில்லையே சார்?" என்று தந்தை கேட்டபோது நானும் முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். அந்தப் பெண்ணின் இயற்பியல் நோட்டில் கடைசிப் பக்கத்தைப் பார்த்த பிறகு அப்படிப் பேச முடியவில்லை. தப்புதான், ஐயா. அவளுக்கு ஏற்றது மெக்கானிக்கல் பொறியியல்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாளில், கொதிகலனிலிருந்து வரும் நீராவிக் குழாயில் மேலுறை பிய்ந்து வெற்று இரும்பு தெரிவதைப் பார்த்தவள், அதில் எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். கதிர்வீச்சு இழப்புக்கு வேண்டிய வெப்பநிலையின் நான்காம் படியை முதலில் செல்சியஸிலேயே எடுத்துவிட்டு, அதை அடித்து, கெல்வினுக்கு மாற்றியிருந்தாள். குழாய் 450 கெல்வின், சுற்றுப்புறம் 300 கெல்வின், உமிழ்திறன் (பரப்பு வெப்பத்தை உமிழும் அளவு) 0.8 என்றால், கதிர்வீச்சாக மட்டும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,490 வாட் வெளியேறுகிறது. காற்று அள்ளிச் செல்வதற்கான கெழுவை, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டரில் போகும் வாட்டை, 10 என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அது 1,500 வாட் ஆயிற்று. "ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வருதே!" என்று அவள் வியந்தாள்.

பிறகு இருவருமாகச் சேர்ந்து மேலே போனோம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழாய் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 940 வாட் இழக்கிறது. 5 சென்டிமீட்டர் தடிமனுக்கு ராக்வூல் என்ற பாறை இழைக் காப்பைச் சுற்றினால் இழப்பு 65 வாட்டாகக் குறைந்து, மேற்பரப்பு கை வைக்கக்கூடிய 34 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடுகிறது. கொதிகலனின் திறன் 60 விழுக்காடு என்று கொண்டால், 20 மீட்டர் குழாயில் மணிக்கு ஏறத்தாழ 8 கிலோ உமி மிச்சம். கணக்கெழுதும் தந்தை அதுவரை பேசாமலிருந்தவர், அந்த எட்டைக் கேட்டதும் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

குழாய்க்குத் துணி சுற்ற ஒரு பட்டமா என்று சித்தப்பா தொலைபேசியில் கேட்டார். மெல்லிய குழாயின்மேல் சுமாரான காப்புப் பொருளைச் சுற்றினால் வெளிப்பரப்பு பெருகி, இழப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். பொருளின் வெப்பக் கடத்துத்திறனைக் காற்றின் கெழுவால் வகுத்துக் கிடைக்கும் ஆரத்தைத் தாண்டிய பிறகே காப்பு காப்பாக வேலை செய்யும். இதை அறிந்து தடிமனை முடிவு செய்பவருக்குத்தான் பட்டம்.

இந்த வேலைக்குச் சட்டத்தின் பின்பலமும் உண்டு. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி சிமென்ட், காகிதம், உரம், ஜவுளி போன்ற துறைகளில் எரிசக்தியை மிகுதியாகச் செலவிடும் ஆலைகள் எரிசக்தித் தணிக்கை செய்தாக வேண்டும், எரிசக்தி மேலாளரையும் நியமித்தாக வேண்டும். பொறியியல் பட்டமும் மூன்றாண்டு அனுபவமும் இருந்தால் அதற்கான தேசியத் தேர்வை எழுதலாம். தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவாக இருக்கலாம், கொதிகலன் அறையில் வியர்க்கவும் வேண்டும். இரண்டையும் அவள் முன்னிலையிலேயே சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. காரைக்குடியில் 1952 முதல் இயங்கும் அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் இருக்கிறது. வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இப்படி ஒரு வழி திறந்திருக்கும்போது, அவள் கேட்காத ஒரு படிப்புக்காக வீட்டுப் பங்கை விற்க நான் ஒருபோதும் சம்மதம் சொல்ல மாட்டேன்.

தனியார் கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தை நிரப்ப வரும்போது அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். வால்வுகளில் போகும் வெப்பத்தை நாங்கள் இன்னும் கணக்கிடவில்லை.