பௌல் ஆட்டங்களும் பிளேஆஃபும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பிளேஆஃப், அதாவது தோற்ற அணி வெளியேறும் பட்டச் சுற்று, வந்தது நியாயமே என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 2024 பருவத்தில் ஓரிகனிடமும், பிறகு சொந்த மைதானத்திலேயே மிச்சிகனிடமும் தோற்ற ஒஹையோ ஸ்டேட்தான் பட்டம் வென்றது. அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்காத ஓரிகன் ஒரே நாளில் வெளியேறியது. பருவம் முழுக்க ஆடியதற்கு என்ன மதிப்பு? பருவ முடிவில் அழைக்கப்பட்ட இரண்டு அணிகள் ஒற்றை ஆட்டமாக மோதும் பழைய பௌல் முறையே மேல் அல்லவா?

முரளி

அன்புள்ள முரளி,

நீங்கள் சொல்லும் இழப்பு உண்மையானதுதான். மிச்சிகனிடம் தோற்றால் அந்த ஆண்டே போயிற்று என்றிருந்த காலத்தின் பதற்றம் இனி திரும்பாது. ஆனால் பௌல் ஆட்டங்கள் சாம்பியனைக் கண்டறிவதற்காக உருவானவை அல்ல. 1902இல் கலிஃபோர்னியாவின் பாசடேனா நகர ரோஜா விழாக் குழுவினர், குளிர்காலத்திலும் வெயிலடிக்கும் தங்கள் ஊருக்குக் கூட்டம் சேர்க்கவே மிச்சிகனையும் ஸ்டான்ஃபோர்டையும் அழைத்து முதல் பௌல் ஆட்டத்தை நடத்தினார்கள். மிச்சிகன் 49-0 என முன்னிலையில் இருந்தபோது ஸ்டான்ஃபோர்டு ‘போதும்’ என்று நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆட்டம் 1916இல்தான் நடந்தது, இடையில் விழாவுக்கு ரத ஓட்டங்களைக்கூட நடத்திப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட திருவிழா ஆட்டத்தின் தலையில் தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கட்டியதுதான் கோளாறு.

2004 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்புகளையும் கணினித் தரவரிசைகளையும் கூட்டி, முதல் இரண்டு அணிகளை மட்டும் இறுதிக்கு அனுப்பிய பி.சி.எஸ். முறை அப்போது நடப்பில் இருந்தது. யு.எஸ்.சி. (தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), ஓக்லஹோமா, ஆபர்ன் மூன்றும் தோல்வியே காணாமல் வந்து நிற்க, ஆபர்னுக்கு மூன்றாமிடம் என்றது கணக்கு. இறுதி ஆட்டத்தில் ஓக்லஹோமா யு.எஸ்.சி.யிடம் 55-19 என்று நொறுங்கியது. ஆபர்ன் சுகர் பௌல் என்ற வேறோர் ஆட்டத்தில் வென்று 13-0 (13 வெற்றி, தோல்வி இல்லை) என்ற கணக்கோடு வீடு திரும்பியது. விதிமீறலுக்காக யு.எஸ்.சி.யின் அந்த பி.சி.எஸ். பட்டம் 2011இல் ரத்தானபோதும் அது ஆபர்னுக்குப் போகவில்லை. ஓரிகனின் கதை வேறு. அக்டோபரில் 32-31 என ஒரே புள்ளியில் ஒஹையோ ஸ்டேட்டை வென்ற அந்த அணி, ரோஸ் பௌல் காலிறுதியில் 41-21 என்று அதனிடமே தோற்றது, ஆடித் தோற்றது.

பிளேஆஃப் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நான்கு அணிகள் மட்டும் ஆடிய பிளேஆஃப் முறையின் கடைசி ஆண்டான 2023இல், 13-0 என்றிருந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை, அதன் தாக்குதலை வழிநடத்தும் வீரரான குவாட்டர்பேக் காயம்பட்டதைக் காரணம் காட்டித் தேர்வுக் குழு ஒதுக்கியது. ஆடாத ஆட்டத்துக்கு முடிவெழுதும் வேலை அது. பன்னிரண்டு அணிகளாக விரிந்தபின் ஐந்து கான்ஃபரன்ஸ் (அணிகள் சேர்ந்த லீக்) சாம்பியன்களுக்கு இடம் உறுதியானது, ஆனால் எஞ்சிய ஏழு இடங்கள் இன்னும் குழுவின் கையில்தான் இருக்கின்றன. அந்தப் பங்கு குறைய வேண்டும் என்பதே என் வாதம்.

2007 ஜனவரி முதல் நாள், ஃபியெஸ்டா பௌலில் ஓக்லஹோமாவைக் கூடுதல் நேரத்தில் 43-42 என்று வென்ற பாய்ஸி ஸ்டேட், 13-0 என்றிருந்தும் அடுத்து ஆட ஆட்டமே இல்லாமல் பருவத்தை முடித்துக்கொண்டது. 2024 பருவத்தில் அதே பாய்ஸி ஸ்டேட் நேராகக் காலிறுதியில் இடம்பெற்று, பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றது. இந்த இரண்டாவது முடிவில் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.