யாட்மாஸ்டர் தியரியை ஆன்லைன்ல படிச்சா உருப்படியா எதாவது வருமா? சிங்கப்பூர்ல வேலை பாத்துக்கிட்டே படிக்கலாம்னு இருக்கேன்.

வரும். யாட்மாஸ்டர்ங்கறது பாய்மரப் படகைத் தலைமை ஏத்து ஓட்டறதுக்கான பிரிட்டிஷ் தகுதி, தியரிங்கறது அதுக்கான ஏட்டுப் படிப்பு. நான் படிச்சேன், போன வருஷம், 44 வயசுல, பெடோக் வீட்டு சாப்பாட்டு மேஜையில. பையனுக்கு பிஎஸ்எல்இ (ஆறாம் வகுப்புப் பொதுப் பரீட்சை) வருஷம் வேற. மேஜையில ஒரு பாதி அவன் மேத்ஸ், மறு பாதி என் சார்ட் (கடல் வரைபடம்), நாலு மூலைக்கும் மைலோ டின்னு, மொளகாத்தூள் டப்பா எல்லாம் வெயிட்டுக்கு. நாத்தனார் வந்து பாத்துட்டு "புள்ளைக்கு பரீட்சை, அம்மா கடல் படிக்கிறாங்களாம்"னு சொன்னது இன்னும் காதுல இருக்கு. அதனாலதான் இந்தக் கேள்வியப் பாத்ததும் பதில் எழுத உக்காந்துட்டேன்.

நீங்க கேட்ட விதத்தப் பாத்தா யாரோ ஃப்ரெண்டோட போட்ல ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவ போயிட்டு வந்து ஆசை புடிச்சிருக்குன்னு தோணுது. தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க தம்பி. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது, ஈஸ்ட் கோஸ்ட்ல சின்னப் பாய்மரப் படகு கத்துக்கிட்டு, அப்புறம் ஒருத்தரோட 34 அடி போட்ல ஞாயிறு ஞாயிறு கயிறு இழுக்கப் போய், அஞ்சு வருஷத்துல எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நெனப்பு வந்துடுச்சு.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இல்லன்னா கமெண்ட்ல வந்து அடிப்பாங்க. ஆர்ஒய்ஏன்னு சொல்ற பிரிட்டிஷ் பாய்மரச் சங்கத்தோட தியரி கோர்ஸ் முடிச்சா நீங்க யாட்மாஸ்டர் கிடையாது. அது படிப்பு முடிச்ச சர்டிபிகேட், அவ்ளோதான். யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் பரீட்சைக்கு உக்காரணும்னா 2500 மைல், 50 நாள் கடல்ல இருந்த கணக்கு காட்டணும், கோஸ்டல்னா 800 மைல், 30 நாள். இங்க மோட்டார் போட் ஓட்டறதுக்கு வேண்டிய பிபிசிடிஎல் லைசென்ஸ் தனிக் கதை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. நான் இன்னும் அந்த மைல்ல பாதி கூட சேக்கல, ஒத்துக்கறேன்.

அப்ப எதுக்குப் படிக்கணும்னு கேட்டா, சிங்கப்பூர் கடல் நமக்கு செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்குங்க. இது நான் முதல் அசைன்மெண்ட்லயே மூணு தடவ அடி வாங்கிக் கண்டுபிடிச்சது.

முதல் அடி, தூரம். சார்ட்ல தூரத்தப் பக்கவாட்டு ஸ்கேல்லதான் அளக்கணும், அதாவது அட்சரேகை, ஒரு நிமிஷம்னா ஒரு கடல் மைல். நான் அஞ்சு வருஷமா கைக்கு வசதியா இருக்குன்னு கீழ இருக்கற தீர்க்கரேகை ஸ்கேல்ல டிவைடரை வெச்சு அளந்துட்டு இருந்திருக்கேன், ஒருத்தரும் சொல்லல, ஏன்னா நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல ஒண்ணேகால் டிகிரியில உக்காந்திருக்கோம், இங்க ரெண்டு ஸ்கேலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, தப்பு செஞ்சாலும் விடை சரியா வந்துடும். அதே கைய 50 டிகிரிக்குக் கொண்டு போனீங்கன்னா கீழ் ஸ்கேல்ல 10 நிமிஷம்ங்கறது ஆறரை மைலுக்கும் கம்மி. ட்ரெய்னிங் சார்ட் ஏதோ கற்பனைக் கடல், நல்லவேளை. வாத்தியார் ராத்திரி ஒரு மணிக்கு (அவங்களுக்கு சாயங்காலம்) ஒரே வரியில "எந்த ஸ்கேல்ல அளந்தீங்க?"ன்னு அனுப்பியிருந்தார். காலையில எம்ஆர்டில நின்னுக்கிட்டே படிச்சேன், மூஞ்சி சூடாயிடுச்சு.

ரெண்டாவது, காம்பஸ். சார்ட்ல இருக்கற வடக்கும் காம்பஸ் காட்டற வடக்கும் ஒண்ணு இல்ல, அந்த வித்தியாசத்தக் கூட்டிக் கழிக்கணும். இங்க அது கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால யாரும் கண்டுக்கறதே இல்ல. காம்பஸ்ல இருந்து ட்ரூவுக்கு, அதாவது சார்ட் வடக்குக்குப் போனா கிழக்கு வித்தியாசத்தக் கூட்டணும், மேற்குன்னா கழிக்கணும், இத ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டியும் ரெண்டு வாரம் மாத்தி மாத்திப் போட்டேன்.

மூணாவது, நேரம். நாம வருஷம் பூரா ஒரே கடிகாரம். அங்க பிரிட்டன்ல கோடைக்கு ஒரு மணி நேரம் கூட்டணும், டைடு டேபிள்ல (கடல் ஏறி எறங்கற நேர அட்டவணை) அது சேந்திருக்காது, நான் கூட்டல, என் படகு பேப்பர்ல தரை தட்டிடுச்சு. இங்க ஏத்தவத்தம் பெருசாப் போனாலே மூணு மீட்டர் சொச்சம்தான். பிரிஸ்டல் கால்வாய்ல 12 மீட்டருக்கு மேல ஏறி எறங்குதாம். எங்க வீடு அஞ்சாவது மாடி, காரிடார்ல நின்னு கீழ சைக்கிள் ஸ்டாண்டப் பாத்தேன், இவ்ளோ தண்ணி ஆறு மணி நேரத்துல வந்துட்டுப் போகும்னா ஒரு மணி நேரத் தப்பு என்ன பண்ணும்னு அப்பதான் ஒறச்சுது.

இத்தனையும் கிளாஸ்ரூம்ல உக்காந்து படிச்சிருந்தா ஒரு வாரத்துல தலையாட்டிட்டு வந்திருப்பேன். ஆன்லைன்ல தனியா உக்காந்து தப்பு தப்பாப் போட்டு அழிச்சு அழிச்சு சார்ட்டே நைஞ்சு போச்சு. 40 மணி நேரப் படிப்பும்பாங்க, எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு.

இப்ப என் சோகத்துக்கு வர்றேன். சர்டிபிகேட் வந்ததும் போட்டுக்காரர்கிட்ட காமிச்சேன். அறுபது வயசு, நல்ல மனுஷர், ஆனா சிரிச்சுக்கிட்டே "ஆன்லைனா? வீட்டு ப்ரிண்டர்ல எடுத்ததா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு இந்தோனேசியாப் பக்கம் பாத்தாம் தீவுல இருக்கற நொங்சா போறோம், பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்துக்கிட்டு. நடுவுல சிங்கப்பூர் நீரிணைல கப்பலுங்களுக்குன்னு போட்ட ரோடு இருக்கு, போற லேன் வர்ற லேன். பெரிய கப்பலுங்க ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையா வரும், பஸ் மாதிரி. நம்மள மாதிரி 20 மீட்டருக்குக் கீழ இருக்கற போட்டும் பாய்மரப் போட்டும் அந்த லேன்ல வர்ற எஞ்சின் கப்பலுக்கு எடைஞ்சலா இருக்கவே கூடாது, 1972 மோதல் தடுப்பு விதிகள்ல 10வது விதி.

அன்னிக்கு எஞ்சின்ல அஞ்சு நாட் (மணிக்கு அஞ்சு கடல் மைல்), தண்ணி பக்கவாட்டுல ரெண்டு நாட் இழுக்குது. அவர் ப்ளாட்டர்ல (ஜிபிஎஸ் சார்ட் திரை) போட்ட கோட்ட விட்டு நகரக் கூடாதுன்னு படகோட மூக்க ஒரு 24 டிகிரி நீரோட்டத்துக்கு எதிராத் திருப்பிப் புடிச்சிருக்கார். சாதாரணக் கடல்ல அதுதான் சரி, படகு வேகம், நீரோட்டம் வெச்சுப் போடற அந்த முக்கோணத்தத்தான் நானும் நூறு தடவ போட்டேன். ஆனா லேன குறுக்கால தாண்டும்போது விதி கேக்கறது படகோட மூக்கு 90 டிகிரியில இருக்கணும்னு, போற பாதை இல்ல. தண்ணி இழுத்தா இழுத்துட்டுப் போகட்டும், மூக்கு நேரா இருந்தா லேன அஞ்சு நாட்ல தாண்டறீங்க, எதிர்த்துப் புடிச்சா நாலரைதான். ரெண்டரை மைல்னா அரை மணிக்குப் பதிலா 33 நிமிஷம். கப்பல் மேல இருக்கறவனுக்கும் இவன் குறுக்க போறானா கூட வர்றானான்னு பாத்ததும் தெரியணுமில்ல.

நான் சொன்னேன். "கோட்ட விட்டுப் போயிடுவோம்"ன்னார். "போவோம், ஒரு மைல் தள்ளி அந்தப் பக்கம் வெளிய வருவோம், அப்புறம் திருப்பிக்கலாம்"னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் வீல்ல திருப்பினார். ஒரு மைல்னு சொன்னேன், ஒண்ணு புள்ளி ஒண்ணு ஆச்சு. பாராட்டெல்லாம் இல்ல, எறங்கினப்புறம் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தார்.

இத ஏன் சொல்றேன்னா ஜிபிஎஸ் இருக்கே, போன் இருக்கேன்னு எழுதத் துடிக்கிறவங்களுக்காக. ப்ளாட்டரை நான் கொற சொல்லல, எங்களுக்கும் அது வேணும். அன்னிக்கு ப்ளாட்டர் நல்லாத்தான் வேலை செஞ்சுது.

சம்பந்தம் இல்லாத விஷயம், ஆனா சொல்லாம முடியல. எங்க குடும்ப வாட்ஸ்அப்ல ஒரு மாமா மாசத்துக்கு ரெண்டு தடவ ராஜேந்திர சோழன் 1025ல கடாரம் போன ஃபார்வர்டு போடுவார், கடலை ஆண்ட தமிழன்னு பெரிய எழுத்துல. அதே மாமாதான் நான் டைடு கணக்கு போடற போட்டோவப் போட்டப்ப "இதுல சம்பளம் ஏறுமா?"ன்னு கேட்டது. எங்க தாத்தா நாகப்பட்டினத்துக்காரர், நீரோட்டத்த நீவாடும்பார், காத்துக்கு வாடை, கொண்டல், கச்சான்னு தனித்தனிப் பேர் சொல்வார். ஒண்ணையும் யாரும் எழுதி வெக்கல. ஃபார்வர்டு மட்டும் வருது.

சரி விஷயத்துக்கு வருவோம். படிங்க. பணம் எனக்கு ஐநூறு சிங்கப்பூர் வெள்ளிக்குள்ள ஆச்சு, வெளிநாட்டுல இருந்து பொட்டலம் வந்தா ஜிஎஸ்டி சேத்துக் கணக்குப் பண்ணுங்க. இதுக்கு முந்தின படியான டே ஸ்கிப்பர் தியரி படிக்காம நேரா இதுக்குப் போகாதீங்க, மூழ்கிடுவீங்க. படிக்கும்போதே யாரோட போட்லயாவது தொத்திக்குங்க. பெரிய மேஜை வேணும், லேப்டாப் மூலையில சார்ட்ட மடிச்சு வெச்சுப் படிக்கவே முடியாது. 2பி பென்சில், நல்ல ரப்பர். சார்ட்ட பத்திரமா வெக்கறேன்னு கீழ கடையில குடுத்து லேமினேட் பண்ணிடாதீங்க, ரெண்டாவது சார்ட்ட நான் பண்ணேன், பென்சில் ஏறவே இல்ல.