சிஎஃப்டி கணினி வந்த பிறகு பிறந்த துறைதானே?

இல்லை. இந்தக் கணக்கைக் கணினி வருவதற்கு முன்பே கையால் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

சிஎஃப்டி எனப்படும் கணிப்பியப் பாய்ம இயக்கவியல் செய்வது இதுதான்: காற்றோ நீரோ ஓடும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எவ்வளவு நிறை வருகிறது, எவ்வளவு போகிறது, உந்தம் எப்படி மாறுகிறது என்று வரவு செலவு எழுதுவது.

இப்படிச் சுற்றி வளைக்கக் காரணம் உண்டு. கணிதவியலாளர் ஆய்லர் பாய்ம ஓட்டத்துக்காக 1757இல் வெளியிட்ட சமன்பாடுகளில் பாகுநிலை, அதாவது பாய்மத்தின் உள்ளுராய்வு, கிடையாது. பாகுநிலை இல்லாத பாய்மத்தில் சீராக நகரும் பொருளுக்கு இழுவிசையே இருக்காது என்று டாலம்பேர் என்ற கணிதவியலாளர் ஏற்கெனவே காட்டியிருந்தார். நடப்பில் அப்படி இல்லையே! அந்தக் குறையை நேவியரும் (1822) ஸ்டோக்ஸும் (1845) பாகுநிலையைச் சேர்த்துத் தீர்த்தார்கள். ஆனால் அவர்கள் தந்த சமன்பாட்டுக்கு, நேரான குழாய் போன்ற எளிய அமைப்புகளைத் தாண்டினால், பேனாவும் தாளும் வைத்து விடை காண்பது அரிது.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தவர், வானிலையையும் காற்றின் ஓட்டமாகக் கொண்டு கட்டம் கட்டமாகக் கணிக்க முயன்ற ஆங்கிலேயர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில், 1910 மே 20ஆம் தேதியின் வானிலைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையால் கணக்கிட்டார். விடை 145 மில்லிபார். உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. அந்தத் தவறான விடையை மறைக்காமல் 1922இல் புத்தகமாகவே வெளியிட்டார். எவ்வளவு பெரிய நேர்மை! முறையில் பிழை இல்லை. தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதைச் சீராக்கிவிட்டு அதே கணக்கைப் பிற்காலத்தில் கணினியில் ஓட்டியபோது நம்பத்தக்க விடை வந்தது.

1950இல் எனியாக் என்ற தொடக்ககால மின்னணுக் கணினி 24 மணி நேர வானிலையைக் கணிக்க எடுத்துக்கொண்ட நேரமும் கிட்டத்தட்ட 24 மணிதான்.

கற்கத் தொடங்குபவர்கள் பெரிய மென்பொருளுக்கு உடனே போக வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு எதைக் கொடுத்தாலும் அழகான வண்ணப் படம் வரைந்துவிடும். ஒரு சதுரப் பெட்டி, மேல்மூடி மட்டும் நகர்கிறது, உள்ளே சுழல் உருவாகிறது: இந்த ஒரு கணக்குக்கு நீங்களே நிரல் எழுதுங்கள். இதே கணக்குக்குக் கியா என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் வெளியிட்ட எண்களோடு ஒப்பிடுங்கள். பிறகு கட்டங்களின் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை நகராமல் நிற்கும்வரை குறைத்துக்கொண்டே போங்கள்.