போட்டோவ பாத்து பணம் அனுப்பாதீங்க: குழந்தை ஸ்பான்சர் பத்தி ஒரு வாசகிக்கு பதில்

ஒரு வாசகி எழுதியிருக்காங்க: "வணக்கம் சார். நானும் வீட்டுக்காரரும் மாசாமாசம் ஒரு தொகைய கஷ்டப்படற குழந்தைங்களுக்கு குடுக்கலாம்னு இருக்கோம். பெரிய அமைப்புகளுக்கு குடுத்தா பாதி சம்பளத்துக்கே போயிடும்னு சொல்றாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் வேற நாட்டுல இருக்கற ஒரு அனாதை இல்லத்துல ஒரு பொண்ண ஸ்பான்சர் பண்ணுங்கன்னு போட்டோவும் அவ கைப்பட எழுதின லெட்டரும் அனுப்பியிருக்கார். 100 சதவீதம் அந்த குழந்தைக்கே போகும், என் அக்கவுண்டுல போடுங்க, நான் சேத்துடறேன்ங்கறார். பால்பவுடர் டப்பாவும் அனுப்பலாம்ங்கறார். நம்பலாமா? என் தங்கச்சி லீவுல அங்க போய் ரெண்டு வாரம் குழந்தைங்கள பாத்துக்கறேன்னு வேற நிக்கறா."

நம்பாதீங்கம்மா. அவர் அக்கவுண்டுக்கு சல்லிக்காசு அனுப்பாதீங்க. அவர் நல்ல மனுஷனாவே இருக்கலாம், அவரையே வேற யாராவது ஏமாத்திட்டு இருக்கலாம், அந்த ஆராய்ச்சி உங்களுக்கு வேண்டாம். நடுவுல ஒரு தனி ஆளு, அவரோட சொந்த அக்கவுண்ட், கையில ஒரு குழந்தை போட்டோ, வாயில "100 சதவீதம்". இந்த நாலும் ஒண்ணா வந்தா கதவ சாத்திடுங்க. நான் தொண்டு நிறுவனங்களோட கணக்கையும் ஃபீல்டு வேலையையும் சேத்து பாக்கறவன், இந்த நாலும் கூடி வந்து நல்லபடியா முடிஞ்சத ஒருதடவ கூட பாத்ததில்ல.

அந்த 100 சதவீதம் ஏன் பொய்னு சொல்றேன். பஞ்சம் வந்த ஒரு இடத்துல ரெண்டு வயசுக் குழந்தை ஒண்ணு எலும்பும் தோலுமா இருக்குன்னு வைங்க. ஒரு சுகாதாரப் பணியாளர் வீடு வீடா போய் குழந்தையோட மேல்கைய சுத்தி ஒரு பட்டைய வெச்சு அளப்பாங்க, அதுல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் இருக்கும். ஆறு மாசத்துலேந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு அந்த சுத்தளவு 11.5 சென்டிமீட்டருக்கு கீழ இறங்குச்சுன்னா சிவப்பு, உயிருக்கே ஆபத்து. உடனே சென்டருக்கு கூட்டிட்டு போய் ஒரு பாக்கெட்ட கிழிச்சு கையில குடுப்பாங்க. வேர்க்கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், விட்டமின் எல்லாம் சேத்து அரைச்ச விழுது, 92 கிராம், 500 கலோரி, 1990கள்ல பிரான்ஸ்ல உருவாக்கினது. தண்ணி கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம். குழந்தை அத நர்ஸ் கண்ணு முன்னாடி நக்கி சாப்பிடுதான்னு உக்காந்து பாப்பாங்க. சாப்பிட்டா பாக்கெட்டுகள கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம், வாரம் ஒருதடவ வந்து எடை பாத்துட்டு அடுத்த வாரத்துக்கு வாங்கிக்கணும், ஆறுலேந்து எட்டு வாரத்துல குழந்தை தேறிடும். வாயே வைக்கலன்னா உள்ள வேற கோளாறு இருக்குன்னு அர்த்தம், ஆஸ்பத்திரிதான். இது வர்றதுக்கு முன்னாடி எல்லாரையும் வாரக்கணக்குல சென்டர்லயே படுக்க வெச்சாங்க, வீட்டுல இருக்கற மத்த பிள்ளைங்கள அம்மா யார்கிட்ட விட்டுட்டு வருவா? நிறைய பேர் வரவே மாட்டாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல எது குழந்தைக்கு போன காசு, எது சம்பளத்துக்கு போன காசு? அந்த பணியாளர் சம்பளம், நர்ஸ் சம்பளம், லாரி டீசல், குடோன் வாடகை, கணக்கு எழுதறவர், இவங்கள எல்லாம் கழிச்சுட்டா பாக்கெட் துறைமுகத்துலயே கிடக்கும். 100 சதவீதமும் குழந்தைக்குன்னு சொல்றவர் ஒண்ணு பொய் சொல்றார், இல்லன்னா அங்க குழந்தைய பாத்துக்க ஆளே இல்ல.

அடுத்தது அந்த அனாதை இல்லம். இத கொஞ்சம் கோவமாவே சொல்றேன். உலகம் பூரா அனாதை இல்லங்கள்ல இருக்கற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ, சிலசமயம் ரெண்டு பேருமே, உயிரோட இருக்காங்க. வறுமை, பள்ளிக்கூடம் கிடையாது, உடம்பு முடியாத குழந்தை, இதான் காரணம். கம்போடியாவுல 2005லேந்து 2010க்குள்ள இல்லங்களோட எண்ணிக்கை 75 சதவீதம் கூடிச்சு, அனாதைங்க அந்தளவுக்கு கூடல, டூரிஸ்ட்டும் டொனேஷனும் கூடிச்சு. நேபாளத்துல ஹும்லா மாதிரி எட்டாத மலை மாவட்டத்துலேந்து, உங்க பிள்ளைக்கு நல்ல படிப்பு தர்றோம்னு ஏஜென்ட்டுங்க பெத்தவங்ககிட்டயே காசு வாங்கிட்டு, காத்மாண்டுல கொண்டுபோய் வெளிநாட்டுக்காரங்க வந்து பாக்கற இல்லத்துல அனாதைன்னு பேப்பர் போட்டு வெச்சாங்க. பெத்தவங்ககிட்டயும் காசு, உங்ககிட்டயும் காசு. உங்களுக்கு வந்த லெட்டர் அந்த பொண்ணு எழுதினதாவே இருக்கட்டும், அவ அம்மா எங்க இருக்காங்கன்னு அதுல ஒரு வரி இருக்கா பாருங்க.

இல்லம் சுத்தமா, அன்பா நடந்தாலும் கூட விஷயம் அவ்வளவு லேசு இல்ல. ருமேனியாவுல 1989ல ஆட்சி கவிழ்ந்தப்ப லட்சத்துக்கு மேல குழந்தைங்க அரசு இல்லங்கள்ல இருந்தாங்க. அப்புறம் புக்கரெஸ்ட்ல 136 குழந்தைங்கள வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பாதி பேர வளர்ப்புக் குடும்பத்துல விட்டாங்க, மீதி பேர் வழக்கம்போல இல்லத்துலயே வளந்தாங்க. 2007ல முடிவு வந்துச்சு, குடும்பத்துக்கு போன குழந்தைங்களுக்கு புத்தி வளர்ச்சி நல்லா முன்னேறியிருந்துச்சு, அதுவும் ரெண்டு வயசுக்கு முன்னாடியே போனவங்களுக்கு ரொம்பவே. அதனாலதான் விஷயம் தெரிஞ்ச அமைப்புகள் இல்லம் கட்ட பணம் குடுக்கறத குறைச்சுட்டு, பெத்தவங்களுக்கு நேரா பணமா குடுக்கறது, சொந்தக்காரங்க வீட்டுல விடறது, வளர்ப்புக் குடும்பம்னு மாறிட்டாங்க.

இதுல ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, அத விவரமா சொல்லிடறேன், இல்லன்னா இல்லமே கூடாதுன்னு நான் சொன்னதா நாலு பேர் கிளம்பிடுவாங்க. போர், பூகம்பம், அகதிங்க ஓட்டம், இந்த மாதிரி நேரத்துல கூட்டத்துல கைய விட்டுப் பிரிஞ்சுபோன குழந்தைங்க இருப்பாங்க இல்லயா, அவங்கள அன்னிக்கு ராத்திரி எங்கயாவது பத்திரமா வெக்கணும், அதுக்கு தற்காலிக மையம் கண்டிப்பா வேணும். ஆனா அந்த மையத்தோட வேலை வளக்கறது இல்ல, திருப்பி ஒப்படைக்கறது. குழந்தை வந்த உடனே ஒரு படிவம் போடுவாங்க: பேரு, வீட்டுல கூப்பிடற பேரு, அம்மா பேரு, ஊர்ல என்ன அடையாளம், கடைசியா யாரோட இருந்த, எங்க பிரிஞ்ச, என்ன துணி போட்டிருந்த. பேசத் தெரியாத குழந்தைன்னா போட்டோ எடுத்து முகாம் முகாமா கொண்டுபோய் காட்டுவாங்க. 1994 ருவாண்டா இனப்படுகொலைக்கு அப்புறம் லட்சம் குழந்தைங்களுக்கு பக்கம் இப்படி பிரிஞ்சு கிடந்தாங்க, செஞ்சிலுவை, யூனிசெஃப், சேவ் த சில்ட்ரன் எல்லாரும் சேந்து வருஷக்கணக்குல தேடி பல பத்தாயிரம் பேர சொந்தக்காரங்ககிட்ட சேத்தாங்க. தேடி முடிக்கற வரைக்கும் தத்து குடுக்கவே கூடாதுங்கறது இந்தத் துறையில அடிப்படை விதி. அத மீறினா என்ன ஆகும்? 2007ல ஒரு பிரெஞ்சு அமைப்பு, சூடான்ல போர் நடந்த டார்ஃபர் பகுதி அனாதைங்கன்னு சொல்லி சாட் நாட்டுலேந்து 103 குழந்தைங்கள விமானத்துல ஏத்தப் பாத்தாங்க, விசாரிச்சா பெரும்பாலும் சாட் நாட்டுக் குழந்தைங்களே, பெத்தவங்க இருக்காங்க. 2010 ஹைட்டி பூகம்பத்துக்கு அப்புறம் இதே கதை, ஒரு அமெரிக்க மிஷன் குழு 33 குழந்தைங்களோட எல்லையில மாட்டுச்சு, அதுலயும் பெத்தவங்க இருந்தாங்க. அதனால தற்காலிக மையம்னு யாராவது சொன்னா ஒண்ணே ஒண்ணு கேளுங்க, போன வருஷம் உங்ககிட்டேந்து எத்தன குழந்தை வீட்டுக்கு போச்சு? நிஜமான மையம் பட்டுன்னு நம்பர் சொல்லும். உங்க தெரிஞ்சவர் சொல்ற இல்லத்துகிட்டயும் இதையே கேட்டுப் பாருங்க.

அப்ப பெரிய அமைப்புகளோட ஸ்பான்சர் திட்டம் ஓகேவான்னா, ஓகேதான், ஆனா என்ன வாங்கறீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு சேருங்க. 1937ல ஸ்பானிஷ் உள்நாட்டுப் போர் சமயத்துலயே இருந்த பழைய முறை இது. இப்ப பல அமைப்புகள்ல உங்க பணம் அந்த ஒரு குழந்தை கைக்கு போகாது, அந்த ஊருக்கே கிணறு, பள்ளிக்கூடம், தடுப்பூசின்னு பொதுவுல போகும், போட்டோவுல இருக்கற குழந்தை அந்த ஊர்க் குழந்தை, அவ்வளவுதான். இத எங்கயாவது பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, அதான் எனக்கு எரிச்சல், முன்பக்கத்துல போட்டா என்ன குறைஞ்சுடும்? 1998ல சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை விசாரிச்சு எழுதினப்ப, செத்துப்போன குழந்தைங்க பேர்ல கூட ஸ்பான்சர்ங்க பணம் கட்டிட்டு இருந்தது வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் கண்காணிப்பு கூடியிருக்கு. தனித்தனி குழந்தைக்கே செலவு பண்ற கம்பாஷன் அமைப்ப பத்தி 2013ல ஆறு நாட்டுல பண்ண ஆய்வு ஒண்ணு வந்துச்சு, ஸ்பான்சர் கிடைச்ச குழந்தைங்க சராசரியா ஒரு வருஷத்துக்கும் மேல கூடுதலா படிச்சிருந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா என்ன கேட்டா, முகம் வேணும்னு பிடிவாதம் பிடிக்காதீங்க, வேலைக்கு குடுங்க. 1990ல உலகத்துல வருஷத்துக்கு ஒண்ணேகால் கோடி போல அஞ்சு வயசுக்குள்ள இருந்த குழந்தைங்க செத்தாங்க, 2022ல அது 49 லட்சம். தடுப்பூசி, கொசுவலை, உப்பு சர்க்கரைக் கரைசல், ஆறு மாசத்துக்கு ஒருதடவ விட்டமின் ஏ சொட்டு, இதெல்லாம் சேந்து பண்ண வேலை அது, எதுக்கும் போட்டோ வராது.

சம்பளம் சதவீதம் பாத்து அமைப்ப தேர்ந்தெடுக்காதீங்க, அந்த சதவீதத்த அழகாக்கறது ரொம்ப ஈஸி. இனாமா வந்த மருந்துக்கு கன்னாபின்னான்னு விலை போட்டு உதவிக் கணக்குல ஏத்திட்டா நிர்வாகச் செலவு சதவீதம் தானா இறங்கிடும், நாங்க பாக்காததா? பாக்க வேண்டியது நடுவுல இருக்கற ஏஜென்சி. தெருவுல நிறுத்திப் பேசறவங்க, போன் பண்றவங்க, அதுல பல பேர் அந்த அமைப்போட ஆளே கிடையாது, காண்ட்ராக்ட் கம்பெனி ஆளு. 2015ல அமெரிக்க அரசு நாலு கேன்சர் தொண்டு அமைப்புகள் மேல வழக்கு போட்டுச்சு, அதுல ஒண்ணு குழந்தைங்க பேர்லயே நடந்தது, மொத்தம் 187 மில்லியன் டாலர் வசூல், பல நன்கொடைகள்ல 85 சதவீதமும் அதுக்கு மேலயும் வசூல் பண்ண கம்பெனிக்கே போயிருக்கு. அதனால யார் போன் பண்ணாலும் கார்டு நம்பர் குடுக்காதீங்க, நீங்களா அமைப்போட சொந்த வெப்சைட்டுக்கு போய், அது எந்த நாட்டுல பதிவோ அந்த நாட்டு அரசுப் பதிவேட்டுல பேர் இருக்கான்னு பாத்து, ஆடிட் பண்ண கணக்கு வெச்சிருக்காங்களான்னு பாத்து, அமைப்போட பேர்ல இருக்கற அக்கவுண்டுக்கே போடுங்க. கணக்கு மூணு வருஷம் பழசா இருந்தா வெளிய வந்துடுங்க.

பெரிய அமைப்புகள நான் தூக்கிப்பிடிக்கறேன்னு நினைக்காதீங்க. 2016ல இஸ்தான்புல்ல நடந்த உலக மனிதாபிமான மாநாட்டுல, 2020க்குள்ள நிவாரணப் பணத்துல கால் பங்கு உள்ளூர் அமைப்புகளுக்கு போகும்னு பணம் குடுக்கற நாடுகளும் பெரிய அமைப்புகளும் கைகுலுக்கி போட்டோ எடுத்துக்கிட்டாங்க, கெடு முடிஞ்சு போச்சு, கால் பங்கு கிட்டயே நெருங்கல. ஒரு பாக்கெட் குழந்தை வாய்க்கு போறதுக்குள்ள நாலு அமைப்பு நாலு ரிப்போர்ட் எழுதுது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கமிஷன் மாதிரி நிர்வாகச் செலவு. அதனால எந்த அமைப்புக்கு குடுத்தாலும் உள்ளூர்ல யார் கூட வேலை செய்யறாங்க, அவங்களுக்கு எவ்வளவு போகுதுன்னு ஒரு மெயில் போட்டு கேளுங்க, நாலு பேர் கேட்டாதான் அசைவாங்க. குடுக்கறப்ப இந்த நாட்டுக்கு மட்டும், இந்த சம்பவத்துக்கு மட்டும்னு கட்டிப் போடாதீங்க. 2004 சுனாமி நடந்த கொஞ்ச நாள்லயே எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமி பேர்ல போதும், இனிமே வேண்டாம்னு சொல்லி, வந்த மிச்சப் பணத்த வேற இடத்துக்கு மாத்திக்கலாமான்னு நன்கொடை குடுத்தவங்ககிட்டயே கேட்டுச்சு. அந்த மாதிரி சொல்ற அமைப்ப நம்பலாம்.

பால்பவுடர் வேண்டவே வேண்டாம். சுத்தமான தண்ணி இல்லாத இடத்துல டப்பா பால் கைக்குழந்தைக்கு வயித்துப்போக்குதான். 2006ல இந்தோனேசியாவுல யோக்யகர்த்தா பூகம்பத்துக்கு அப்புறம் வந்து குவிஞ்ச இனாம் டப்பாவ வாங்கின வீட்டுக் குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு ரெண்டு மடங்கு அதிகமா இருந்துச்சு.

தங்கச்சி விஷயம். ரெண்டு வாரம் தூக்கிக் கொஞ்சிட்டு டாட்டா காட்டிட்டு கிளம்பற அக்காங்கள அந்த குழந்தைங்க வருஷம் பூரா பாத்துட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தர் போறப்பவும் ஒருதடவ உடையுதுங்க. 2019 டிசம்பர்ல ஐ.நா. பொதுச்சபையே இந்த இல்லச் சுற்றுலாவால குழந்தைங்களுக்கு கெடுதல்னு தீர்மானம் போட்டிருக்கு. முன்பின் தெரியாத ஒருத்தர போலீஸ் சான்று கூட கேக்காம குழந்தைங்க தூங்கற ரூமுக்குள்ள விடற இடம், நாளைக்கு யாரையெல்லாம் விடும்னு அவளையே யோசிக்க சொல்லுங்க. நர்சிங், கணக்கு, லாரி ரூட் போடறதுன்னு ஏதாவது கைத்தொழில் தெரிஞ்சா நல்ல அமைப்புல முறைப்படி அப்ளை பண்ணட்டும், மாசக்கணக்குல இருக்கறமாதிரி. டிக்கெட் இன்னும் போடலன்னா போட வேண்டாம், போட்டாச்சுன்னா கேன்சல் பண்ணா எவ்வளவு திரும்ப வரும்னு இன்னிக்கே பாத்துடுங்க.