இலக்கியமா, படைப்பெழுத்தா?

கேள்வி: ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்திருக்கிறேன். எழுத்தாளராக வேண்டும் என்பது என் ஆசை. முதுகலையிலும் இலக்கியத்தையே எடுப்பதா, கதை, கவிதை எழுதப் பழக்கும் படைப்பெழுத்துக்கென்று தனியாக இருக்கும் பட்டத்துக்குப் போவதா? இரண்டுமே சோறு போடாத படிப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? — ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதம் இரண்டு பக்கம், இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். அதில் ‘எழுத்தாளர்’ என்ற சொல் ஏழு முறை வருகிறது. அண்மையில் என்ன படித்தீர்கள், எது உங்களைத் தூங்கவிடாமல் அடித்தது என்பது பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாண்டு இலக்கியம் படித்தவரின் கடிதத்தில் ஒரு புத்தகத்தின் பெயர்கூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலக்கியத்தை எடுங்கள். படைப்பெழுத்து காத்திருக்கட்டும்.

1920களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர், எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்கள் கையில் கொடுத்தார். ஒரு வாரம் வைத்திருந்து படித்து, தோன்றியதை எழுதித் தரவேண்டும். நன்றாகப் படித்த பிள்ளைகள்தான். ஆனால் பலருக்கு ஒரு வாக்கியம் நேர்ப்பொருளில் என்ன சொல்கிறது என்பதே பிடிபடவில்லை. ஜான் டன், ஹாப்கின்ஸ் ஆகிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர்களின் கவிதைகளைப் பலர் ஒதுக்கித் தள்ளியிருந்தார்கள். பெயர் தெரிந்திருந்தால் அவர்களே வாயாரப் புகழ்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த விடைத்தாள்களைச் சான்றாக வைத்து ரிச்சர்ட்ஸ் 1929இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கில இலக்கிய வகுப்புகள் வரிக்கு வரி நின்று வாசிக்கப் பழகியதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓர் ஏகாரம் உறுதியைச் சொல்லும் தேற்றமா, ஒன்றைப் பிரித்துக் காட்டும் பிரிநிலையா என்று நின்று பார்த்த உரையாசிரியர்களின் மொழியில் பிறந்த நமக்கு இது அந்நியமான வேலை அல்ல. கதை சொல்பவன் ‘நான்’ என்கிறானே, அவனை நம்பலாமா? இதுவரை இறந்தகாலத்தில் போன கதை இந்தப் பத்தியில் மட்டும் ஏன் நிகழ்காலத்துக்கு வந்தது? இப்படிக் கேட்டுக் கேட்டு இரண்டாண்டு வாசித்தவருக்குத் தன் வாக்கியத்தில் இருக்கும் பொய்யும் கண்ணில் படத் தொடங்கும். எழுத வருகிறவருக்கு இதைவிடப் பெரிய வரவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எல்லா முதுகலையும் அப்படி நடப்பதில்லை என்பதும் உண்மை. கதைச்சுருக்கத்தையும் நோட்ஸையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே போய் இரண்டாண்டைத் தொலைக்காதீர்கள். சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 1968இல் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் அவருடைய சகாக்கள் இருவரும், ஆங்கிலத் துறையையே கலைத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். யாருடைய இலக்கியத்தை நடுவில் வைப்பது என்று அத்தனை ஆண்டுகளுக்கு முன் எழுந்த அந்தக் கேள்வி காதிலேயே விழாத பாடத்திட்டம் என்றால், வேறு இடம் தேடுங்கள்.

படைப்பெழுத்தை நான் மட்டமாக நினைக்கவில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இலேயே எழுத்துப் பட்டறை தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் 1970இல் தொடங்கிய படிப்பில்தான் நாவலாசிரியர் இயன் மெக்யூவன் படித்தார். 2017இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவும் அங்கே படித்தவர்தான். பட்டறை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். உங்கள் கதையை முன்கூட்டியே படித்து, ஓரமெல்லாம் பென்சிலால் கிறுக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். பழைய வழக்கப்படி, எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. “இரண்டாம் பக்கத்தில் வந்த அத்தை எங்கே போனாள்?” என்று ஒருவர் கேட்பார். பதில் உங்கள் மனத்தில் இருக்கும், தாளில் இருக்காது. அந்த ஒரு நிமிடம் சுடும். எழுத்து மாறுவதும் அங்கேதான். (சிறுபான்மைச் சமூகத்திலிருந்து வருகிறவர்களை இந்த வாய்ப்பூட்டு இன்னும் ஒடுக்குகிறது என்று சொல்லிப் பல ஆசிரியர்கள் இப்போது அதைக் கைவிட்டுவிட்டார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.)

ஆனால் அந்த மேசையில் வைக்கக் கையில் பக்கங்கள் வேண்டுமே! நான்கைந்து கதைகளை எழுதி, அடித்து, மறுபடி எழுதிவிட்டுப் போகிறவருக்குப் பட்டறை பலன் தரும். ஆசையை மட்டும் சுமந்து போகிறவர் பிறர் கதைகளைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவார்.

வீட்டார் கவலையைத் தள்ளிவிட முடியாது. பல்கலைக்கழக ஆசிரியர் பணியிடங்கள் பல நாடுகளில் சுருங்கியிருக்கின்றன. முனைவர் பட்டம் முடித்தும் தற்காலிக வேலையில் காலம் தள்ளுகிறவர்கள் நிறைய. பதிப்பகம், மொழிபெயர்ப்பு, பத்திரிகை, பள்ளி ஆசிரியப் பணி என்று வழிகள் உண்டு, எல்லாம் மெதுவாகத்தான் திறக்கும். ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு: கடன் வாங்கிப் படைப்பெழுத்து படிக்காதீர்கள். முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உதவித்தொகையும் கொடுக்கும் துறைகள் அமெரிக்காவில் இருக்கின்றன. போட்டி கடுமை. அங்கே மதிப்பெண்ணைவிட விண்ணப்பத்தோடு அனுப்பும் எழுத்து மாதிரிக்குத்தான் மதிப்பு. அந்தச் சில பக்கங்களை இன்றே தொடங்கலாம்.

இன்னொன்றையும் நீங்கள் சொல்லவில்லை. படிக்கப்போவது ஆங்கிலத்தில், எழுதப்போவது எந்த மொழியில்? கூகி ஆங்கிலத்தில் பெயர் பெற்ற பிறகு தன் தாய்மொழியான கிக்கூயூவுக்குத் திரும்பி வந்து நாவல் எழுதினார். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில், அம்மா விளக்கை அணைக்கச் சொன்ன பிறகும் இருட்டில் படுத்துக்கொண்டு வாக்கியங்களை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே உயிருள்ள இடம் அதுதான். அந்த வாக்கியங்கள் எந்த மொழியில் வருகின்றன என்று எனக்கு எழுதுங்கள். கூடவே, இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் பெயரையும்.