லிஃப்ட் கதவு மூடும்போது நெஞ்சு படபடக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு ஆண்டுகளுக்கு முன் லிஃப்டில் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து மாடிப்படிதான். இப்போது எங்கள் அலுவலகம் ஒன்பதாவது மாடிக்கு மாறிவிட்டது. யாராவது கூட வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறேன். அப்போதும் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, மயங்கி விழுந்துவிடுவேனோ என்று தோன்றுகிறது. இந்தப் பயத்தை எப்படி ஒழிப்பது?

பதில்: 'ஒழிப்பது' என்ற சொல்லை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். ஒழிக்கப் பார்த்துப் பார்த்துத்தான் இது இவ்வளவு வளர்ந்திருக்கிறது.

சார்லஸ் டார்வின் ஒருமுறை உயிரியல் பூங்காவில், ஒரு விஷப்பாம்பின் கூண்டுக் கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். பாம்பு பாய்ந்தாலும் பின்வாங்குவதில்லை என்று தீர்மானம். பாம்பு பாய்ந்தது, மனிதர் ஓரிரு கஜம் பின்னால் துள்ளிவிட்டார். 1872-இல் அவரே இதை எழுதியிருக்கிறார். நடுவில் கெட்டியான கண்ணாடி இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன?

முதல் துள்ளல் நம் கையில் இல்லை. நாம் யோசித்து முடிப்பதற்குள் உடம்பில் அட்ரினலின் சுரந்து இதயம் வேகம் பிடித்துவிடும். அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் நமக்கு இடம் இருக்கிறது.

லிஃப்ட் வரை வந்து படிக்கட்டுப் பக்கம் திரும்பியதும் ஒரு 'அப்பாடா' வருகிறதே, சிக்கல் அங்கேதான். 'தப்பித்தோம், அதனால் பிழைத்தோம்' என்று மூளை கணக்கெழுதிக்கொள்கிறது. கண்ணை மூடி, துணையோடு ஏறினாலும் இதே கதைதான். ஒன்றும் ஆகாததற்கான பெருமை துணைக்குப் போகும், லிஃப்டுக்குப் போகாது.

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுக்கும் நிலைக்கு வந்தான். உங்களுக்கும் அதே வழிதான். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கதவு திறந்து மூடுவதை முதலில் வெளியே நின்று பாருங்கள். அப்புறம் உள்ளே போய், கதவைத் திறந்தே வைக்கும் பொத்தானை அழுத்தியபடி நில்லுங்கள். பிறகு துணையோடு ஒரு மாடி, தனியாக ஒரு மாடி, தனியாக மூன்று. வாரம் ஒருமுறை வீரமாகப் போய்வருவதைவிட, ஒரே நாளில் ஐந்தாறு முறை ஏறி இறங்குவது மேல்.

கதவு மூடும் அந்த நொடிக்கு வருவோம். நாக்கு உலர்கிறது, கை கம்பியைத் தேடுகிறது. 'சரி, வந்துவிட்டது. நூற்றுக்கு எழுபது இருக்கும்' என்று மனசுக்குள் மதிப்பெண் போடுங்கள். கண் திறந்தே இருக்கட்டும். கம்பியை விட்டுவிட்டு மாடி எண்கள் மாறுவதைப் பாருங்கள். மூச்சை இழுத்து இழுத்து விட வேண்டாம். அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் இரட்டிப்பாகும்.

மயக்கம் பற்றி: இப்படிப் பயந்து படபடக்கும்போது ரத்த அழுத்தம் பொதுவாக ஏறும்; மயக்கம் வர அது இறங்க வேண்டும். ரத்தத்தையோ ஊசியையோ கண்டு பயப்படுபவர்கள் விதிவிலக்கு, அவர்களுக்கு வேறு பயிற்சி. லிஃப்ட் காற்றுப் புகாத பெட்டியும் அல்ல. இதை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். தினமும் போனில் 'லிஃப்ட் பாதுகாப்பானதா' என்று தேடினால் அதுவும் ஓடி ஒளிவதுதான்.

ஏறுமுன் 'மயங்கி விழுவேன்' என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். இறங்கியதும் நடந்ததை எழுதுங்கள். இறங்கும்போதும் மதிப்பெண் ஐம்பதிலேயே நிற்கலாம், பரவாயில்லை. எழுதியது நடந்ததா என்பதை மட்டும் பாருங்கள்.

பழைய பயம் அழிந்துபோகாது. அதன் பக்கத்தில் புதிய அனுபவம் ஒன்று சேர்கிறது, அவ்வளவுதான். தூக்கம் கெட்ட நாளில், புதுக் கட்டடத்தில் பழசு தலைதூக்கும். அதனால் மூன்று நான்கு வெவ்வேறு லிஃப்டுகளில் பழகுங்கள். லிஃப்டுக்கு வெளியேயும் காரணமின்றி இப்படி வந்தால் மனநல நிபுணரைப் பாருங்கள். நெஞ்சுவலி இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

'மறுபடி மாட்டிக்கொண்டால்?' என்று கேட்பீர்கள். அபாய மணியை அழுத்துங்கள், தரையில் உட்காருங்கள், கதவை நெம்பித் திறந்து வெளியே குதிக்கப் பார்க்காதீர்கள், ஆள் வரும்வரை காத்திருங்கள். போன முறையும் இருபது நிமிடம் அப்படித்தான் இருந்துவிட்டு வந்தீர்கள்.