நவம்பர், டிசம்பர் குளிர் ஊருக்கு ஊர் எப்படி இருக்கும்? நம்ம கோவைக் குளிரோடு ஒப்பிட முடியுமா?

ஒப்பிடலாம். டிகிரியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். கேள்வி கேட்டவரே அதைச் சொல்லிவிட்டார்: கோவையில் விடிகாலை 19 டிகிரிக்கே நாம் ஸ்வெட்டர் தேடுகிறோம், டொராண்டோவில் இருக்கும் சிநேகிதர் 5 டிகிரியில் அரைக்கைச் சட்டையோடு படம் அனுப்புகிறார், யாருக்குத்தான் உண்மையில் குளிர்கிறது என்று. ரெண்டு பேரும் நடிக்கவில்லைங்க.

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். வெளிநாட்டுக் குளிர் எனக்கு முதலில் பழக்கமானது ஜிஎஸ்எம் கணக்கில்தான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். நாம் போடும் சாதா டீ-ஷர்ட் 160, 180. உள்பக்கம் பிரஷ் அடித்த ஃப்ளீஸ் என்கிற குளிர்காலத் துணி 280, 320. அந்த ஃப்ளீஸை சித்திரை, வைகாசி வெக்கையில் முழங்கை வியர்க்க வியர்க்கத் தைத்து அனுப்பினால்தான் ஐரோப்பாவில் குளிர் தொடங்கும்போது கடையில் தொங்கும். பிறகு வேலை விஷயமாகச் சில ஊர்களுக்குப் போய் வந்தேன். போகாத ஊர்களைப் பற்றிப் படித்ததும், அங்கே இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டதும்தான்.

நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழையும் குளிரும் சேர்ந்தே வரும். வங்கக் கடலில் தாழ்வு நிலை ஏற்பட்டால் இங்கே நாள் முழுக்க மூட்டம். பகலில் 25 டிகிரியைத் தாண்டவே சிரமப்படும், ராத்திரியில் மட்டும் பெரிதாக இறங்காது. மழை விட்டு வானம் வெளுத்துவிட்டால் அப்படியே தலைகீழ்: பகலில் 29, 30, விடிகாலையில் 18, 19. பகலில் தரை வாங்கிய சூடு ராத்திரி மேலே போகப் பார்க்கும். மேகம் இருந்தால் அதைப் பாதியில் மறித்துத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லையென்றால் மொத்தமும் வானத்துக்குப் போய்விடும்.

ஊட்டியில் உறைபனி விழுவதும் இதே கணக்கில்தான். சுமார் 2,240 மீட்டர் உயரம், அதோடு தெளிந்த வானம், அசையாத காற்று. மூன்றும் சேர்ந்த ராத்திரியில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் பக்கம் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். ஏன் அந்த இடங்கள் மட்டும்? குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால் மேட்டில் இருக்கும் தேயிலை தப்பித்துக்கொள்ளும், பள்ளத்தில் இருப்பது கருகும். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் கீழே மேட்டுப்பாளையத்தில் அதே ராத்திரியில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். "கோவையே ஊட்டி ஆயிருச்சு" என்று வருஷா வருஷம் வாட்ஸப்பில் வீடியோ சுற்றுகிறதே, அனுப்புகிறவர்கள் ஒரு டிசம்பர் விடிகாலை தலைகுந்தாவில் இறங்கி நின்று பார்க்கட்டும்.

நம்ம குளிரின் உண்மையான முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உடுமலை, குடிமங்கலம் பக்கம் கரிசல் காட்டில் கொண்டைக்கடலை போட்டிருக்கும் தோட்டத்துக்குப் போக வேண்டும். மழை ஓயும் தறுவாயில் விதைப்பார்கள். அதன்பிறகு பெரிதாகத் தண்ணீர் கேட்காது. மண்ணில் இருக்கும் ஈரத்திலும் ராத்திரிப் பனியிலும் விளைந்துவிடும். விடிவதற்கு முன்னால் அந்தச் செடிகளின் மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் போசியில் பிழிந்தால், சொட்டுவது வெறும் பனித்தண்ணீர் இல்லை. நாக்கில் வைத்தால் சுள்ளென்று புளிக்கும். கடலைப் புளிப்பு என்பது இதுதான். வயிற்றுக் கோளாறுக்குக் கைவைத்தியமாக எடுத்து வைப்பார்கள். இலையிலும் காயிலும் இருக்கும் நுண்ணிய ரோமங்களில் மாலிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம் சுரக்கிறது, பனி அதைக் கரைத்துக்கொள்கிறது. வெறுங்காலோடு அந்தச் செடிக்குள் நடந்தால் கெண்டைக்கால் எரியும். 19 டிகிரிதான். ஆனால் முழங்கால் வரை வேட்டி நனைந்து ஒட்டியிருக்கும்போது 19 டிகிரி வேற மாதிரி.

இந்த ஈரம்தான் முதல் விஷயம். ஒரே காற்று எதைக் கடந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஊருக்கு ஊர் குளிரின் குணம் மாறிவிடுகிறது.

குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியா பக்கம் தரை கெட்டியாகக் குளிர்ந்து, மேலே இருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்துப் போய் உயரழுத்தமாக உட்கார்ந்துவிடும். அதன் பிடியில் இருக்கும் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் டிசம்பர் மாதச் சராசரியே மைனஸ் 37 டிகிரிக்குப் பக்கம். சந்தையில் மீனை ஐஸ் போடாமலே விறகு மாதிரி நிமிர்த்தி வைத்து விற்கிறார்கள். தரைக்கடியில் மண்ணே நிரந்தரமாக உறைந்து கிடப்பதால் கட்டிடங்களைத் தூண் மேல் தூக்கிக் கட்டுகிறார்கள். வீட்டுச் சூடு தரைக்குப் போனால் மண் இளகி வீடு இறங்கிவிடும். ஆனால் அங்கே குளிர்காலத்தில் காற்றடிப்பது குறைவு, காற்றில் ஈரமும் கிடையாது.

அந்தக் குளிர்காற்று கிழக்கே வழிந்து ஜப்பான் கடலைத் தாண்டும். கடல்நீர் காற்றைவிட எவ்வளவோ வெதுவெதுப்பு. போகிற வழியில் ஈரத்தை வாரிக்கொண்டு, ஜப்பானின் நடுவே இருக்கும் மலைத்தொடரில் முட்டி, மேற்குக் கரையில் நீகாட்டா பக்கம் மீட்டர் கணக்கில் பனியைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சமிருக்காது. அதனால் டோக்கியோவில் டிசம்பரில் பளிச்சென்று வெயில், வறண்ட காற்று, பகலில் 12 டிகிரி, உதடு வெடிக்கும். ரெண்டுக்கும் நடுவே புல்லட் ரயிலில் ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் வெயிலோடு நுழையும் ரயில் பனிக்குள் வெளியே வரும்.

கொங்குக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் கேரள எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டினால் கொட்டு கொட்டென்று கொட்டும், நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறும் காற்று மட்டும் வந்து சேரும். அங்கே கிடைக்கும் மழையில் மூன்றில் ஒரு பங்குதான் வருஷத்துக்குக் கோவைக்குக் கிடைக்கிறது. நமக்கு அது தென்மேற்குக் காற்றில் நடக்கிறது, டோக்கியோவுக்குக் குளிர்காற்றில்.

அதே ஆசியக் குளிர்காற்றின் கடுமையான பகுதி இந்தியாவுக்குள் நேராக இறங்கவிடாமல் இமயமலை மறித்துவிடுகிறது. அந்தச் சுவர் இல்லையென்றால் டெல்லியின் குளிர்காலம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றின் திசை மட்டும் மாறி, வடகிழக்கிலிருந்து வங்கக் கடலைக் கடந்து வருவதால் நமக்கு மழை. கடலை ஒட்டிய சென்னை, கடலூரில் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சம் மீதியைத்தான் நம்மிடம் கொண்டுவருகிறது.

அமெரிக்காவில் பஃபலோ என்று ஓர் ஊர், ஈரி ஏரியின் கிழக்கு முனையில். நவம்பரில் ஏரி இன்னும் உறைந்திருக்காது. மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் குளிர்காற்று ஏரியின் நீளத்துக்கும் ஓடி வந்து, ஈரமெல்லாம் ஏற்றிக்கொண்டு, ஒரு ஒடுக்கமான பட்டையில் பனியாகக் கொட்டும். 2022 நவம்பரில் அந்த ஊரின் தெற்குப் புறநகரில் ஓரிரு நாளில் 2 மீட்டர் அளவுக்குக் கொட்டியது. வடக்குப் பக்கம் கொஞ்ச தூரம் தள்ளி இருந்தவர்களுக்கு அதில் கால்வாசிகூட இல்லை. நம்ம ஊரில் கோடை மழை ஒரு தோட்டத்தில் பேய்ந்து பக்கத்துத் தோட்டத்தில் புழுதி பறக்குமே, அந்தக் கணக்குதான்.

கடல் குளிரைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். நார்வேயில் ட்ரோம்சோ யாகுட்ஸ்க்கைவிட வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. இருந்தும் டிசம்பர் சராசரி மைனஸ் 2, 3 தான், துறைமுகமும் உறைவதில்லை. அட்லாண்டிக்கில் தெற்கிலிருந்து ஏறிவரும் வெந்நீரோட்டம் காப்பாற்றுகிறது.

லண்டனும் அந்தக் கடல் தயவில் பிழைக்கிற ஊர். டிசம்பரில் பகலில் 8, 9 டிகிரி, ராத்திரி 3, 4. ராத்திரி எண்ணை மட்டும் பார்த்தால் ஊட்டிக்குப் பக்கம்தான் இருக்கும். என் சித்தப்பா பையன் அங்கே இருக்கிறான். போனில் எங்கள் அப்பத்தா, "குளுரு தாங்குதா கண்ணு?" என்று கேட்டால், "குளுரு பரவால்லீங்க அப்பத்தா, நாலு மணிக்கே இருட்டிப்போயிருது, அதுதான் ஆகமாட்டேங்குது" என்பான். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அங்கே பகல்பொழுது 8 மணி நேரத்துக்கும் குறைவு. நமக்கு அதே நாளில் பதினொன்றரை மணி நேரம் கிடைக்கிறது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு, நடுவில் தூறல். யாகுட்ஸ்க்கின் மைனஸ் 37ஐ விட இது மனசை அதிகம் சோர்வாக்கும் என்பது என் அபிப்பிராயம். அங்கே இருப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. டொராண்டோ, சிகாகோ வானிலை அறிக்கைகளில் குளிர்காலத்தில் ரெண்டு எண் சொல்வார்கள்: தெர்மாமீட்டர் காட்டுவது ஒன்று, உடம்புக்குத் தோன்றுவது ஒன்று. மைனஸ் 5 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 13. நம் உடம்பைச் சுற்றி உடம்பே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தை ஊதக்காற்று உருவிக்கொண்டு போய்விடுகிறது. ஃப்ளீஸுக்கு உள்பக்கம் பிரஷ் அடிப்பதும் இதற்காகத்தான். நூலைக் கலைத்துப் பஞ்சாக்கினால் அதற்குள் காற்று சிக்கி நிற்கும். சூட்டைப் பிடித்து வைப்பதில் நூலைவிட அந்தக் காற்றுக்குத்தான் பங்கு அதிகம்.

இப்போது டொராண்டோ சிநேகிதருக்கு வருகிறேன். அவர் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி 20, 21 டிகிரி. கார் சூடு, ஆபீஸ் சூடு, கடை சூடு. அவருக்குக் குளிர் என்பது கார் நிறுத்தத்திலிருந்து கதவு வரை நடக்கும் தூரம். அந்த தைரியத்தில்தான் அரைக்கைச் சட்டையோடு படம். நமக்கு? ஹீட்டர் கிடையாது, வெளியே இருக்கும் குளிர் வீட்டுக்குள்ளும் வரும், ராத்திரி முழுக்க அதிலேயே கிடக்கிறோம். நம் வீடுகள் சூட்டை வெளியே தள்ளுவதற்காகக் கட்டியவை: பெரிய ஜன்னல், மேலே வென்டிலேட்டர், கீழே சில்லிடும் டைல்ஸ். கனடாவிலிருந்து தைப் பொங்கலுக்கு வருகிறவர்கள் பொடக்காலியில் குளித்துவிட்டு நம்மைவிட அதிகமாக வெடவெடப்பதைப் பார்த்திருக்கிறேன். மெல்போர்னிலும் இதே புகார் உண்டு. அங்கே குளிர்காலம் ஜூனில் ஆரம்பம், பகலில் 14 டிகிரிதான், ஆனால் பழைய வீடுகளில் சூடு நிற்காது.

துபாய்க்காரர்கள் விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். டிசம்பர் ராத்திரியில் அங்கே சராசரியாக 16, 17 டிகிரி, அதாவது கோவையைவிடக் குறைவு. பாலைவனத்தில் மேகமும் ஈரமும் கம்மி, சூடு நிற்காமல் போய்விடும். டெல்லியில் நவம்பர் என்றால் குளிரைவிடப் புகைதான் பெரிய விஷயம், டிசம்பர் கடைசியில் மூடுபனி வந்து ரயிலையும் விமானத்தையும் நிறுத்திவைக்கும். சிங்கப்பூருக்குக் குளிர்காலமே கிடையாது, டிசம்பரில் மழை அதிகம், அவ்வளவுதான்.

இன்னொன்று: டிசம்பர் 21, 22 தான் வட பாதிக்கு மிகச் சிறிய பகல், ஆனாலும் கடுங்குளிர் பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும். தரையும் கடலும் சேர்த்து வைத்த சூட்டைச் செலவழித்து முடிக்க நாள் பிடிக்கிறது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று நம்மவர்கள் சொல்லி வைத்ததும் அதைப் பார்த்துத்தான். ஆகவே டிசம்பர் முதல் வாரத்தில் போய் இறங்கி, "இவ்வளவுதானா?" என்று அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேட்டவர் பயணத்துக்காகக் கேட்டிருந்தால்: தடிமனாக ஒரே ஸ்வெட்டர் வாங்குவதைவிட மூன்று அடுக்கு போடுவது நல்லது. உடம்போடு ஒட்டி ஒரு தெர்மல், அதன்மேல் 280 ஜிஎஸ்எம் ஃப்ளீஸ், வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். உள்ளே போடுவது பருத்தியாக இருக்க வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே நிற்கும். பருத்தி பனியன் ஊர்க்காரனே இதைச் சொல்கிறேன். முதல் ரெண்டு அடுக்கையும் திருப்பூர் பனியன் சந்தையான காதர்பேட்டையில் பாதி விலைக்கு எடுத்துவிடலாம், உள்பக்கம் பிரஷ் சீராக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஜாக்கெட்டையும் ஷூவையும் மட்டும் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். பனியில் வழுக்காத அடிப்பாகம் உள்ள ஷூ இங்கே கிடைப்பது கஷ்டம்.